விழுங்கு வாத்தியாருக்கு ஒரு மடக்குத் தண்ணீர்

மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, எங்கள் இரத்தநோய்ப் பிரிவின் பெரிய டாக்டர் அவர்களே, மருந்தகத் தோழர்களே, வார்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என் தங்கைகளே, முன் வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியாரான என் அன்பு அண்ணி அவர்களே! இதே கூடத்தில், இதே நாற்காலிகளில், இரத்தப் பரிசோதனைக்குக் காத்துக் காத்தே பாதி ஆயுளைக் கழித்த என் நோயாளிப் பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. "சத்தம் போடாதீங்க" என்று வார்டு முழுக்கச் சத்தம் போட்டே ஓய்வு பெற்ற தலைமைச் செவிலி நான். ஆகவே மைக் கொஞ்சம் அலறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை இரங்கல் உரைக்கு அழைத்தார்கள். பேசுகிறேன். ஆனால் எனக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், நம் வாத்தியார் மறைந்த நாளிலிருந்து தன் மருந்தைத் தொடவில்லை. தினமும் போட வேண்டிய மருந்து. அவருடைய இரத்தப் புற்றுநோயை இத்தனை வருடமாக அடக்கி வைத்திருக்கும் மருந்து. அவரை அதைப் போட வைத்துவிட்டுத்தான் நான் உட்காருவேன். நேரமானால் கண்காணிப்பாளர் அவர்கள் மணி அடிக்கலாம். நான் கேட்கப் போவதில்லை.

மறைந்த நம் பெருமகனாருக்குப் பதவிப் பெயர் தலைமை மருந்தாளுநர். மருந்தகக் கதவில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவரைத் தேடி வந்தவர்கள் யார்? ஒருவரும் இல்லை! "விழுங்கு வாத்தியார் இருக்காரா?" என்றுதான் வருவார்கள். புதிதாக வந்த அதிகாரி ஒருவர், இது மருத்துவமனைக்கு மரியாதையாக இல்லையே என்று வருத்தப்பட்டார். வாத்தியார் அவரிடம், "இதுக்கு முன்னாடி என்னை 'அடுத்த ஜன்னல்'னு கூப்பிட்டுட்டிருந்தாங்க சார். அதுக்கு இது எவ்வளவோ பரவாயில்ல" என்றாராம்.

ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். குரலோ, நாம் காதைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கேட்கும். மருந்து வாங்க வருகிறவர்களிடம் "ஒழுங்கா மாத்திரை போடறீங்களா?" என்று அவர் கேட்டு நான் கேட்டதே இல்லை. ஏன் அண்ணா கேட்பதில்லை என்று ஒருமுறை கேட்டேன். அந்தக் கேள்விக்கு எல்லா நோயாளியிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது, "போடறேன்" என்பதுதான் அது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றார். அவருடைய கேள்வி வேறு. கேள்விகூட இல்லை. "போட்டுக் காட்டுங்க." அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லால் எத்தனை குடும்பங்கள் பிழைத்தன என்பதை இந்தக் கூடமே சாட்சி சொல்லும்.

அதில் முதல் குடும்பத்தின் கதையை மட்டும் சொல்கிறேன். சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன்.

லாரி ஓட்டுகிற ஒரு தம்பி, மனைவியோடு மருந்து வாங்க வந்தான். லாரி டயரை ஒற்றை ஆளாகத் தூக்கி வைக்கிற உடம்பு. இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு கேப்சூல். விடாமல் போட்டால் மகன் மகள் கல்யாணம் வரை பார்க்கலாம் என்று டாக்டர் தைரியம் சொல்லியிருந்தார். வாத்தியார் ஜன்னல் வழியாக ஒரு குட்டி மிட்டாயையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் நீட்டி, இதை மருந்தென்று நினைத்துக்கொண்டு வீட்டில் செய்வது போலவே போட்டுக் காட்டச் சொன்னார்.

தம்பி மிட்டாயைப் பார்த்தான். மிட்டாய் தம்பியைப் பார்த்தது. நெற்றியில் வியர்வை அரும்பியது. பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. கடைசியில் மனைவிதான் வாய் திறந்தாள்.

"அவருக்கு முழுசா இறங்காதுங்க. நான்தான் அதைப் பிரிச்சு, பொடியைப் பழத்துல பிசைஞ்சு குடுத்திடறேன்."

பெருமையாகத்தான் சொன்னாள். கட்டியவனுக்காகத் தினமும் மறக்காமல் செய்கிற காரியம், பெருமை இருக்காதா? ஆனால் அவையோரே, அப்போது அவள் வயிற்றில் ஒரு குழந்தை இருந்தது!

அந்த மருந்தின் உறை அழகுக்காகப் போட்டதல்ல. உள்ளே இருப்பது செல்கள் பெருகுவதைத் தடுக்கிற மருந்து. நோயாளிக்கு அது உயிர். வயிற்றில் வளர்கிற சிசுவுக்கு அது ஆபத்தாகலாம். அதனால்தான் பிரிக்காதே, நொறுக்காதே, மெல்லாதே என்கிறோம். அதனால்தான் பிள்ளையைச் சுமப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, மற்றவர்கள் எடுத்துக் கொடுத்தால் கையுறை போட வேண்டும், பிறகு கை கழுவ வேண்டும் என்கிறோம். இதெல்லாம் பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் இருந்தது. எறும்பு படிக்கிற அளவு எழுத்தில் இருந்தது.

வாத்தியார் திட்டினாரா? தலையில் அடித்துக்கொண்டாரா? இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். அந்தப் பெண்ணைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சோப்பு போட்டுக் கையைக் கழுவச் சொல்லிப் பக்கத்தில் நின்றார். டாக்டரிடம் அவரே போய்ச் சொன்னார். என்னைத் துணைக்கு வைத்துப் பிரசவப் பிரிவுக்கு அனுப்பினார். அவள் அழத் தொடங்கியபோது அவர் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"உங்க மேல தப்பு இல்லம்மா. சொல்ல வேண்டியவங்க சொல்லல. இனிமே நான் சொல்றேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்கேன் அன்றும் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வராது. பிரசவத்தன்று அந்த வராந்தாவில் தகப்பனைவிட அதிகமாக நடந்தவர் வாத்தியார்தான். பெண் குழந்தை பிறந்தது. ஒரு குறையும் இல்லாமல் பிறந்தது. அதோ, மூன்றாவது வரிசையில் அம்மா தோளில் சாய்ந்துகொண்டு என்னை முறைக்கிறாள். முறைக்காதே கண்ணு, கதை இன்னும் முடியவில்லை.

குழந்தை தப்பியது. ஆனால் தகப்பன் விழுங்க வேண்டுமே! அந்த வாரமே வாத்தியார் அவனை மருந்தகத்துக்குப் பின்னால் இருக்கிற அறைக்கு வரச் சொன்னார். காலி அட்டைப்பெட்டிகள் போட்டு வைக்கிற அறை. இரண்டு பெட்டிகளைக் கவிழ்த்து ஆளுக்கு ஒன்றாக உட்கார்ந்தார்கள். கேக் மேலே தூவுகிற சர்க்கரை மணி இருக்கிறதே, அதில் ஆரம்பித்தார். மணல் அளவு மணி. அது இறங்கியதும் கடுகளவு, பிறகு மிளகளவு, பிறகு மிட்டாய். அவசரமே இல்லை. ஒரு அளவில் தொண்டை மறித்தால், முந்தின அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். அது தோல்வி இல்லை என்பார்.

பிறகு தன் பெரிய ரகசியத்தைச் சொன்னார். "கேப்சூல் தண்ணில மிதக்கும் தம்பி. நீங்க அண்ணாந்தா அது பல்லுக்கிட்டப் போய் நின்னுக்கும். தலையைக் குனிங்க. நெஞ்சைப் பாருங்க. இப்ப விழுங்குங்க."

விழுங்கினான்! அவன் போட்ட கூச்சலில் மாடியில் என் வார்டு விழித்துக்கொண்டது. யார் அது என்று சண்டைக்குப் போன நான், ஒரு லாரி ஓட்டுநரும் ஒரு மருந்தாளுநரும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அப்படித்தான் தொடங்கியது அந்த வகுப்பு. வாராவாரம் அந்த அறை நிரம்பியது. அரிவாள் செல் நோயோடு பிறந்த பிள்ளைகள் வந்தார்கள். இரத்த அணுக்கள் வளைந்து போய் அடைத்துக்கொள்வதால் எலும்பெல்லாம் வலித்துத் துடிக்கிற பிள்ளைகள். வலி வராமல் காக்கத் தினமும் மருந்து வேண்டும், அதை உமிழ்ந்து விளையாடுகிற வயது. பெரியவர்களும் வந்தார்கள், வெட்கப்பட்டுக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக. வங்கியில் வேலை பார்த்த ஒரு ஐயா, மனைவி பார்க்கும்போது கேப்சூலைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, பிறகு பால்கனிப் பூந்தொட்டியில் துப்பி வந்திருக்கிறார். "இனி அந்தச் செடிக்கு இரத்தநோயே வராது சார், இப்ப உங்களைப் பாப்போம்" என்று சொல்லித்தான் வாத்தியார் அவரை உட்கார வைத்தார்.

அந்த அறையில் விழுங்குவது மட்டுமா நடந்தது? ஜலதோஷத்துக்கு ஒரு மாத்திரை வாங்கினாலும், பக்கத்து வீட்டில் நல்லதென்று ஒரு பொடி கொடுத்தாலும், முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்பார். காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே மாத்திரை போட்டு அமுக்கிவிட்டுப் படுக்காதீர்கள், உடனே வாருங்கள் என்பார். வாந்தி வந்துவிட்டால் அன்றைக்கு மறுபடி போடாதீர்கள், ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள், என்ன செய்வதென்று போன் பண்ணிக் கேளுங்கள் என்பார். அந்த வகுப்புக்கு இரண்டே சட்டம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. யாரும் தனியாக விழுங்கக் கூடாது. எல்லோரும் தண்ணீரைக் கையில் எடுத்து, எல்லோரும் குனிந்து, எல்லோரும் ஒன்றாக.

ஒருவரைத் தவிர! வாத்தியார் மட்டும் ஒரு நாளும் விழுங்கிக் காட்டியதில்லை. பிள்ளைகள் விடாமல் கெஞ்சுவார்கள். "வாத்தியார் பரீட்சை எழுதக் கூடாது" என்று சிரித்துவிட்டு, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுச் செய்து காட்டச் சொல்வார். ஆகா, பிள்ளைகளுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார் என்று நாங்கள் மெச்சினோம்.

பிறகு அந்த நோய் அவருக்கே வந்தது.

லாரித் தம்பிக்கு வந்த அதே வகை. தினமும் ஒரு கேப்சூல், அதேபோல உறை பிரிக்கக் கூடாத மருந்து. நாங்கள் வருத்தப்பட்டோம், ஆனால் பயப்படவில்லை. யாருக்கு மருந்து போடத் தெரியாவிட்டாலும் இவருக்குத் தெரியாதா? டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் மாதங்கள் போயின, இரத்தத்தில் நோயின் அளவு இறங்கவில்லை. மருந்து இவருக்கு வேலை செய்யவில்லை, இன்னும் கடுமையான ஒன்றுக்கு மாற்ற வேண்டும் என்று முடிவானது. பெரிய டாக்டர் அவர்கள் இதைத் தன் மாணவர்களுக்குத் தானே சொல்லிக் காட்டுகிறார், அதனால் நானும் சொல்கிறேன். எல்லா நோயாளியிடமும் கேட்கப்பட்ட அந்த இரண்டு சொல்லை, அவரிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் குளியலறையில் அவர் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டு அண்ணி விசாரித்தபோது, மருந்தின் பக்கவிளைவு என்று சொல்லிவிட்டார். மருந்தாளுநர் சொன்னால் மனைவி நம்பாமல் இருப்பாரா?

மருந்து மாற்றுவதற்கு முன்னால் ஒரு பரிசோதனைக்காக இதே கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நம் லாரித் தம்பி, அவனும் தன் பரிசோதனைக்கு வந்தவன். பேச்சுவாக்கில் கேப்சூல் என்ற சொல் வந்ததும் வாத்தியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டாராம். "அந்த வேர்வை எனக்குத் தெரியும் சிஸ்டர், அது என்னோட வேர்வை" என்று தம்பி பிறகு என்னிடம் சொன்னான். அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, அட்டைப்பெட்டி அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, ஒரு மிட்டாயையும் தண்ணீரையும் நீட்டியிருக்கிறான்.

"சார், போட்டுக் காட்டுங்க."

வாத்தியார் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. அதுதானே வகுப்பின் சட்டம்! கொஞ்ச நேரத்தில் வாத்தியாரின் சிரிப்பும் நின்றது. அத்தனை பெரிய உடம்பு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அழுதது. சின்ன வயதில் ஒரு சட்டைப் பொத்தான் தொண்டையில் சிக்கி, மூச்சு நின்று, அம்மா விரலை விட்டு எடுத்திருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு எதுவும் முழுசாக இறங்காது. காய்ச்சல் மாத்திரையைக்கூடக் கரைத்துத்தான் குடிப்பார். விழுங்க முடியாதவனுக்குத் தொண்டை எந்த இடத்தில் மூடும், எப்போது மூடும் என்று அவருக்கு ஏன் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது என்பது இப்போது புரிகிறதா? அவர் புத்தகத்தைப் படித்துச் சொல்லித்தரவில்லை அவையோரே, தன் தொண்டையைப் படித்துச் சொல்லித்தந்தார்!

"பாதி நாள் உள்ள நிக்கறதில்ல தம்பி. வாந்தி வந்தா மறுபடி போடக் கூடாது. மறுநாள் ரெண்டாவும் போடக் கூடாது. பிரிக்கவும் கூடாது. அதான் விட்டுடறேன்" என்றிருக்கிறார். ஒரு சட்டத்தையும் மீறவில்லை அந்த மனுஷன். எல்லாச் சட்டத்தையும் ஒழுங்காகக் கடைப்பிடித்து, சாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஏன் சார் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஊருக்கே விழுங்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, எனக்கு வராது என்று எந்த வாயால் சொல்வேன் என்றாராம். அதற்குத் தம்பி சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன்.

"எங்களை ஒரு நாளாவது தனியா விட்டிருக்கீங்களா சார்? நீங்க மட்டும் ஏன் தனியாப் போடறீங்க?"

அன்றைக்கே அவரை டாக்டர் அறைக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொல்ல வைத்தான். டாக்டர் பழைய மருந்தையே தொடரச் சொல்லி, நோய் இறங்குகிறதா என்று பார்க்கலாம் என்றார். மறுபடியும் சர்க்கரை மணி. மறுபடியும் கடுகளவு, மிளகளவு. இந்த முறை வாத்தியார் மாணவர், மாணவன் வாத்தியார். கடைசியில் ஒரு நாள் கேப்சூல் இறங்கியது. அதன் பிறகு தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும், லாரி எந்தச் சாலையில் இருந்தாலும் ஓரங்கட்டிவிட்டுத் தம்பி போன் அடிப்பான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும் போன். "ரெடியா சார்?" "ரெடி தம்பி." இரண்டு தலையும் குனியும். பிறகு இரண்டு பேரும் உலக விஷயமெல்லாம் பேசுவார்கள். போன் வைக்க மனமில்லாத காதலர்கள் மாதிரி இருக்கிறார்கள் என்று அண்ணி என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். குறைதான், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

நோய் இறங்கியது. வருடக்கணக்கில் இறங்கியே இருந்தது. போன வாரம் நம் வாத்தியார் தூக்கத்திலேயே இதயம் நின்று போனார். இரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோகவில்லை! கடைசிப் பரிசோதனையில், தேடினாலும் அகப்படாத அளவுக்கு அது அடங்கியிருந்தது. இதை நான் இந்த மைக்கில் உரக்கச் சொல்ல ஆசைப்பட்டேன். சொல்லிவிட்டேன்.

முந்தின இரவும் போன் பேசியிருக்கிறார்கள். "நாளைக்குப் பாப்போம் தம்பி" என்றுதான் வைத்திருக்கிறார்.

இன்று வாசலில் தம்பியைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். நான் அவனையே கேட்டேன்.

"கேப்சூலைக் கையில எடுத்துட்டேன் சிஸ்டர். போனையும் எடுத்துட்டேன். யாருக்கு அடிக்கிறது? தொண்டை மூடிக்கிச்சு."

எல்லோர் முன்னாலும் சொல்லட்டுமா என்றேன். தலையாட்டினான். ஆம் அவையோரே, நான் தொடக்கத்தில் சொன்னவர் இவன்தான். மேடைக்கு ஏறுவதற்கு முன்பே பெரிய டாக்டரிடம் கேட்டுவிட்டேன். விட்டுப்போனவற்றைச் சேர்த்துப் போடக் கூடாது, இன்றைய ஒன்றை மட்டும் போடட்டும், காலையில் இரத்தப் பரிசோதனைக்கு வரட்டும் என்றார். சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும் என்பதால், மனைவி டப்பாவில் கொண்டுவந்ததை வராந்தாவில் வைத்து அவனை ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாயிற்று.

விழுங்கு வாத்தியாரே! உங்கள் வகுப்பு நிற்காது. அதே அறையில், அதே அட்டைப்பெட்டிகளில் நடக்கும். மருந்தகத்தின் புதிய பொறுப்பாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார், சும்மா இருக்கும் நான் துணைக்கு வருகிறேன். மருந்து வாங்க வருகிற ஒவ்வொருவரையும் போட்டுக் காட்டச் சொல்வோம். டாக்டரையும் கேட்போம், செவிலியையும் கேட்போம், மருந்தாளுநரையும் கேட்போம். தெரியும் என்று நினைத்து இனி யாரையும் விட மாட்டோம். இது இந்தப் பிரிவின் உறுதிமொழி!

ஆனால் தம்பி, உன் கேள்வி அது இல்லையே. யாருக்குப் போன் அடிப்பது என்பதல்லவா உன் கேள்வி? அதற்குப் பதில் என்னிடம் இல்லை. அண்ணியிடம் இருந்தது. சற்று முன்னால் என்னைக் கூப்பிட்டு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அவர் போன் என்கிட்டதான் இருக்கு. ராத்திரி சாப்பிட்டதும் அது அடிக்காதான்னு பாத்துட்டே உக்காந்திருக்கேன். எனக்கும் ஒரு பிரஷர் மாத்திரை இருக்கு. தம்பியைக் கூப்பிடச் சொல்லுங்க."

கேட்டுக்கொண்டாயா?

பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருக்கிறோம். கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து வேளை வராதவர்கள் தண்ணீர் மட்டும் குடித்தால் போதும், உணர்ச்சிவசப்பட்டு எதையாவது விழுங்கி வைக்காதீர்கள், அவருக்குப் பிடிக்காது. அஞ்சலி செலுத்த எப்படியும் தலை குனியத்தான் போகிறோம். அவர் சொல்லித்தந்த மாதிரியே குனிவோம். நெஞ்சைப் பார்த்துக் குனிவோம்.

தம்பி, எழுந்திருக்க வேண்டாம். கேப்சூலை எடு. தண்ணீர் ஒரு மடக்கு. நீ தனியாக இல்லை, பார், கூடம் முழுக்கக் குனிந்திருக்கிறது. உன் மகளும் குனிந்திருக்கிறாள். அண்ணியும் குனிந்திருக்கிறார்.

போட்டுக் காட்டு.

இறங்கிடுச்சா?

தலையாட்டுகிறான். அண்ணி, நாளை இரவு உங்கள் போன் அடிக்கும். நான் உட்காருகிறேன், வணக்கம்.